ராடோவன் விட்டுப்போன கண்ணாடிப்பெட்டி

சோபாவை எடுத்துப் போனான்,
காப்பி இயந்திரத்தை,
சுவரில் துளைபோடும் கருவியை,
அது போட்ட துளைகளை மட்டும் விட்டுவிட்டு.
கண்ணாடிப்பெட்டிக்கு அப்புறம் வருகிறேன் என்றான்.
அது அக்டோபரில்.

ஒஸ்ட்ராவா, ஏழாவது மாடி.
பெட்டிக்கு மேலே வலை, அடியில் பழைய செய்தித்தாள்.
வாங்கியவன் அவன்தான்,
பார்க்கும் பொறுமைதான் இல்லை.
எல்லாம் செத்திருக்கும் என்று நினைத்தேன்,
உள்ளே காய்ந்த குச்சிகள் மட்டும்தான் என்று.
அடுத்த வாரம் தண்ணீர் தெளித்தேன்,
இரக்கத்தில் அல்ல,
ஜன்னல் துடைத்த கையோடு.
குச்சிகளில் ஒன்று குடித்தது.

நான் ட்ராம் ஓட்டுகிறவள்.
பின்மாலை ஷிஃப்ட் முடிந்து வீடு வர
மணி ஒன்றரை ஆகும்.
அவை விழித்திருக்கும் நேரம்.
இலையின் ஓரத்தில் தொடங்கி
தையல்காரி விளிம்பு வெட்டுவதுபோல
மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து கீழே.
என் சாப்பாட்டு மேசையில்
எனக்கு எதிரே யாரோ மென்றுகொண்டிருந்து
எத்தனை நாளாயிற்று.

ப்ளாக்பெர்ரி இலைதான் தின்னும். கடையில் கிடைக்காது.
டிசம்பரில், டிப்போவுக்குப் பின்னால்,
தண்டவாளச் சரிவில் பனியைக் கையால் தோண்டினால்
அடியில் பச்சை இருக்கிறது.
இருபத்தொரு வருடம் அந்தச் சரிவைக் கடந்து ஓட்டியவளுக்கு
இப்போதுதான் தெரியும்.
முள் கையுறையைத் துளைக்கும்.
காவலாளி ஸ்வாடோப்லுக் டார்ச் அடித்தான்:
"டிராஹோமிரா, என்ன புதைக்கிறாய்?"
"பறிக்கிறேன்."
"யாருக்கு?"
யோசித்துவிட்டுச் சொன்னேன்,
"பதினோரு பெண்களுக்கு."
அவன் டார்ச்சை அணைத்துவிட்டான்.

ஆமாம், எல்லாம் பெண்கள்.
நூலகத்தில் படித்தேன், ஆண் வேண்டியதில்லை இவற்றுக்கு.
முதல் தாய்கள் நூறு வருடத்துக்கு முன்
எங்கோ தெற்கே ஒரு மலையில் பிடிபட்டு
கப்பலேறி வந்தவையாம்.
அன்றிலிருந்து தாய், தாய், தாய்,
நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகைகூட இல்லை.
இதிலிருக்கும் கேலி எனக்குப் புரியாமல் இல்லை, ராடோவன்.
மூன்று வருடம் அலைந்தோமே ஆஸ்பத்திரிக்கு,
வியாழக்கிழமைகளில்.
நீ காரிலேயே உட்கார்ந்திருப்பாய்.

இரவில் டிக் என்று செய்தித்தாளில் ஒன்று விழும்.
கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிக்.
கடுகைவிடச் சற்றே பெரிது, பழுப்பு,
ஒரு முனையில் மஞ்சள் தொப்பி.
பெற்றவள் திரும்பிப் பார்ப்பதில்லை,
மெல்லுவதையும் நிறுத்துவதில்லை.

முட்டைகளை உறையவைத்துவிடுங்கள் என்கிறது புத்தகம்,
இல்லையென்றால் வீடு நிறைந்துவிடுமாம்.
நூற்று நாற்பதை ஜாம் பாட்டிலில் சேர்த்து
பட்டாணிப் பொட்டலத்துக்கும் மீனுக்கும் நடுவே வைத்தேன்.
பல் துலக்கினேன்.
படுத்தேன்.
எழுந்தேன்.
கால் மணி நேரம் இருக்கலாம், கூடவும் இருக்கலாம்.
பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஃப்ரிட்ஜ் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன்,
ட்ராம் கம்பிகள் முதல் வண்டிக்கு
ரீங்கரிக்கத் தொடங்கும்வரை.

மார்ச்சில் வந்தான். கோட்டு புதிது.
குனிந்து பார்த்தான்.
"எல்லாம் செத்துவிட்டதா?"
அவன் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி
ஒன்பது பேர் முன்கால்களை நேரே நீட்டிக்கொண்டு
குச்சியாக நின்றார்கள்.
நானும் அசையவில்லை.
"ஆமாம்" என்றேன்.
"பெட்டியையாவது..."
"விரிசல்."
லிஃப்ட் இறங்கும் சத்தம் ஏழு மாடிக்கும் கேட்டது.

அதன் பிறகு இரண்டு நாள் கழித்துத்தான்
பாட்டிலுக்குள் ஒரு மஞ்சள் தொப்பி
கழன்று கிடந்ததைப் பார்த்தேன்.
நூலிழை மாதிரி ஒருத்தி,
முட்டை ஓடு பின்காலில் மாட்டியபடி,
அதையும் இழுத்துக்கொண்டு
கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

இவளுக்கு இளம் இலை வேண்டும்.
சரிவில் பனி உருகிவிட்டது.
ஸ்வாடோப்லுக் கத்தரிக்கோல் கொண்டுவருகிறானாம்,
பெண்களைப் பார்க்க வரலாமா என்று
இன்னும் கேட்கவில்லை.